குறுக்கே பேசத் தெரியாதவள்

மாலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக்குள் உலகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சும்மா வராது. கோட்டு போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு வரும். எண்ணெய் விலை, டாலர், எங்கோ கவிழ்ந்த ஒரு அரசு, உருகும் பனி, எல்லாவற்றுக்கும் ஒரு நிபுணர். வங்காளச் செய்திச் சேனலில் திரையை ஆறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒருவரை அடைத்துவைத்திருப்பார்கள். ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். கொல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கத்துத் தெருவில், மூன்றாம் மாடியில், நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன். எனக்கு அது பிடிக்கும். மழைச் சத்தம் மாதிரி. துளித் துளியாக அர்த்தம் கேட்கக் கூடாது, மொத்தமாக நனைய வேண்டும்.

ஒரு நாள் அந்தக் கட்டங்களில் ஒன்றில் என் மனைவி இருந்தாள்.

அவள் பருவநிலைக் கொள்கை ஆராய்ச்சியாளர். சுந்தரவனத் தீவுகளில் ஆற்றுக் கரை எப்படி உடைகிறது, உடைந்த பிறகு யார் எங்கே போகிறார்கள் என்பதுதான் அவள் வேலை. வாரத்தில் பாதி நாள் சேறு, பாதி நாள் அறிக்கை. நான் வார்த்தையை வைத்துப் பிழைக்கிறவன். விளம்பர நிறுவனங்களுக்கு எழுதித் தருவேன், மிச்ச நேரத்தில் யாரும் கேட்காத உரைநடைக் கவிதைகள். பேசுவதற்கு என்னிடம் எதுவும் இருந்ததில்லை, பேசிக்கொண்டே இருப்பேன். அவளிடம் பேச ஏராளம், பேசவே மாட்டாள். இப்படித்தான் இத்தனை வருடம் ஓடியது, நன்றாகவே ஓடியது.

அதற்கு முன்பும் சேனலிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் கூப்பிடுவார்கள். "எனக்கு வேலை இருக்கு" என்று வைத்துவிடுவாள். இந்த முறை சரி என்றதற்குக் காரணம் ஒரு தீவு.

அந்தத் தீவில் புதிதாகக் கரை எழுப்பப் போகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் கரை எந்த வழியாகப் போகும் என்று வரைபடத்தில் போட்ட கோடு, ஒரு சின்னக் குடியிருப்பை ஆற்றின் பக்கம் விட்டுவிட்டது. கரைக்கு உள்ளே ஊர், வெளியே அவர்கள். இதைப் பற்றி ஊராரிடம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். நடத்துகிறார்கள், கொல்கத்தாவில், ஒரு அலுவலக மாடியில், காலை பத்து மணிக்கு. தீவிலிருந்து படகு, படகிலிருந்து வேன் ரிக்‌ஷா, அதிலிருந்து ரயில், ரயிலிலிருந்து பஸ். பத்து மணிக்கு யார் வந்து சேர முடியும்? அவள் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது. கவனத்தில் கொண்டு அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

அங்குள்ள பெண்கள்தான் சொன்னார்கள். தீதி என்றால் அக்கா, அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "தீதி, உன்னை டிவிக்குக் கூப்பிடுறாங்களாமே. போய்ச் சொல்லேன். கூட்டத்தை இங்க வந்து வைக்கச் சொல்லு. அது ஒண்ணு போதும்."

"சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

முதல் நாள் வீடே கல்யாண வீடு மாதிரி இருந்தது. சேனலில் விருந்தினரைப் பிடித்துத் தருவதற்கென்றே ஒரு பெண் இருக்கிறாள். குரலில் எப்போதும் ஓட்டமும் மூச்சிரைப்பும். ஃபோனில் வங்காளத்தில் சொன்னாள்: "தீதி, லேப்டாப் கண் உயரத்துல இருக்கணும். பின்னாடி புத்தகம் தெரியணும். புத்தகம் இல்லன்னா நிபுணர்னு ஜனங்க நம்ப மாட்டாங்க." படுக்கையறை அலமாரியை நானும் மகளும் இழுத்துக்கொண்டு வந்தோம். என் கவிதைத் தொகுப்பை மையத்தில் நிறுத்தினேன். மனைவி திரும்பிப் பார்த்து, அதை எடுத்து, அந்த இடத்தில் நீர்வள அறிக்கை ஒன்றை வைத்தாள்.

நிகழ்ச்சி தொடங்கியது. ஒரு பொருளாதார நிபுணர், கோயில் மணிக் குரல், சிவப்பு டை. ஒரு முன்னாள் தூதர். இரண்டு கட்சிக்காரர்கள். நெறியாளர். இவள். பொருளாதார நிபுணர் உலகச் சந்தையைத் தொட்டார், தூதர் அண்டை நாட்டைத் தொட்டார், கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் தொடாத குறை. இவள் பளிச்சென்ற காட்டன் புடவையில், கையைக் கட்டிக்கொண்டு, யார் பேசினாலும் அவர் பக்கம் மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நிகழ்ச்சி முடியும்வரை ஆட்டினாள். கடைசியில் நெறியாளர், "உங்கள் விலைமதிப்பற்ற கருத்துகளுக்கு நன்றி" என்றார். அதற்கும் தலையாட்டினாள்.

"மா, துமி கிச்சுயி போல்லே நா!" நீ ஒன்றுமே சொல்லவில்லையே என்று மகள் கத்தினாள். கல்லூரியில் படிக்கிறாள், இந்த ஊரிலேயே பிறந்தவள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது.

"அவங்க பேசிட்டிருந்தாங்கடி. முடிக்கட்டும்னு இருந்தேன்."

"யாரு முடிச்சா?"

"யாரும் முடிக்கலதான்" என்று ஒப்புக்கொண்டாள்.

கும்பகோணத்திலிருந்து அவள் தங்கை கூப்பிட்டாள். "அக்கா, நெட்ல பாத்தோம். மொழிதான் புரியல, புடவை நல்லா இருந்துச்சு. ஏன் பேசல, தொண்டை கட்டிடுச்சா?"

மறுநாள் காலை கறிவேப்பிலை வாங்கப் போனேன். மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். கடையில் டிவி ஓடிக்கொண்டேயிருக்கும். பொட்டலத்தைக் கட்டாமல் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"சார், நேத்து அம்மாவ டிவில பாத்தேம்லா."

"அப்படியா."

"பூராவும் தலைய மட்டுந்தான் ஆட்டுனாவ. நம்ம தராசு மாதிரி."

"வாய்ப்பு கிடைக்கல அண்ணாச்சி."

"டிவில எவன் சார் வாய்ப்பு குடுப்பான்? புடுங்கிக்கிடணும்லா!"

இரண்டாவது முறை வாய்ப்பு கிடைத்தது. அதுதான் வேடிக்கை. பருவநிலைக்குப் பணக்கார நாடுகள் எவ்வளவு தர வேண்டும் என்று விவாதம். பொருளாதார நிபுணர் தண்ணீர் குடித்த நொடியில் நெறியாளர் சட்டென்று இவள் பக்கம் திரும்பி, "நீங்கள் சொல்லுங்கள், களத்தில் என்ன நடக்கிறது?" என்றார். லேப்டாப்புக்குப் பின்னால் மகள் இரண்டு கையையும் மேலே தூக்கிக் குதித்தாள்.

என் மனைவி நிதானமாக ஆரம்பித்தாள். "இதுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி சில விஷயங்களைத் தெளிவுபடுத்தணும். எங்க ஆய்வு ஒருசில தீவுகளுக்கு மட்டும்தான் பொருந்தும். அப்புறம், எல்லாக் கரையும் ஒரே காரணத்தால உடையறதில்லை. அலை வேற, உப்பு வேற, நண்டு போடுற வளை வேற…"

"மிகவும் சுவாரசியம்" என்றார் நெறியாளர். "சின்ன இடைவேளை."

இடைவேளைக்குப் பிறகு தேர்தல் வந்துவிட்டது. நண்டு வளையோடு அவள் நின்றுபோனாள்.

உண்மை அறிந்தவர்களின் வியாதி இது. முதலில் தங்களுக்கு எதெல்லாம் தெரியாது என்று பாய் விரித்து, அதன்மேல்தான் தெரிந்ததைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். பாய் விரித்து முடிப்பதற்குள் டிவியில் ஷாம்பு விளம்பரம் வந்துவிடும். மற்ற நிபுணர்கள் இதற்கு நேர்மாறு. முடிவில் ஆரம்பித்து முடிவிலேயே முடிப்பார்கள். நடுவில் ஒன்றும் இருக்காது, அதனால்தான் அவ்வளவு வேகம்.

கூட்டத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. தீவிலிருந்து ஃபோன் வந்தது. அந்தப் பெண்கள் டீக்கடை டிவி முன்னால் கூடி உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்ல தீதி. நண்டு பத்திச் சொன்னது சரிதான்" என்றார்களாம். அன்று இரண்டு கவளத்துக்கு மேல் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பயிற்சி தொடங்கியது. மகள்தான் ஆசான். சாப்பாட்டு மேஜையில் நான் நெறியாளர், மகள் பொருளாதார நிபுணர், கையில் குழம்புக் கரண்டி. மனைவி மனைவியாகவே இருந்தாள், அதுதான் பிரச்சினை.

"இங்க பாரு மா. அவங்க மூச்சு விடுற இடம்தான் வாசல். அதுல நுழைஞ்சிடணும். நுழையும்போது 'தாடான், தாடான்'னு சொல்லணும்." வங்காளத்தில் நில்லுங்கள் என்று அர்த்தம், இந்த ஊரில் அது பஸ்ஸையும் நிறுத்தும், வாதத்தையும் நிறுத்தும்.

"தாடான்" என்றாள் என் மனைவி, கோயிலில் பக்கத்திலிருப்பவரிடம் விபூதி கேட்கும் குரலில்.

"ஐயோ! இப்படிச் சொன்னா பஸ் உன் மேல ஏறிட்டுப் போகும். நான் பேசறேன், என்னை நிறுத்து. உலகப் பொருளாதாரம் ஒரு திருப்புமுனையில நிக்குது, எதிர்க்காற்று அடிக்குது, முதலீட்டாளர்களோட மனநிலை…"

மனைவி அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மா!"

"நல்லா பேசறியேடி. முடியேன்."

மூச்சு விஷயத்தில் நானும் கொஞ்சம் உபயோகமாக இருந்தேன். வாக்கியத்துக்கு நடுவில் அவள் மூச்சு விடக் கூடாது, விட்டால் மற்றவன் உள்ளே வந்துவிடுவான் என்றேன். காற்புள்ளியே கூடாது. எழுத்தில் நான் வாழ்நாள் முழுக்கக் காற்புள்ளிகளை நேசித்தவன். அன்றைக்கு ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஒரே மூச்சுக்கு அடக்கினோம். கூட்டத்தைத் தீவில் நடத்துங்கள் ஏனென்றால் அங்கிருப்பவர்களால் இங்கே வர முடியாது. அவ்வளவுதான். அதையும் அவள், "பெரும்பாலானவர்களால்" என்று திருத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் அவளைக் கரியாஹாட் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். துர்கா பூஜைக்கு முந்தைய நெரிசல், நடைபாதைப் புடவைக் கடைகளில் ஒருவர் தோளுக்கு மேல் இன்னொருவர் கை நீட்டி விலை கேட்கிற களேபரம். குறுக்கே புகுவதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது என்பது மகளின் கணக்கு. திரும்பி வந்து பையை வீசினாள். "அப்பா, அம்மா முன்னாடி நின்னாங்க. பின்னாடி வந்த எல்லாருக்கும் வழி விட்டாங்க. கடைசியில கடைக்காரனுக்கு உக்கார ஸ்டூல் எடுத்துக் குடுத்தாங்க!"

"அவருக்கு முட்டி வலி" என்றாள் மனைவி.

மூன்றாவது நிகழ்ச்சிதான் கடைசி வாய்ப்பு. மூச்சிரைக்கும் பெண்ணே ஃபோனில் சொல்லிவிட்டாள்: "தீதி, தப்பா நினைக்காதீங்க. இன்னிக்கும் நீங்க சூடா பேசலன்னா மேல ஒத்துக்க மாட்டாங்க." தலைப்பு இறக்குமதி வரி. யாரோ ஒரு வல்லரசு வரியைக் கூட்டிவிட்டது, உலகம் நடுங்குகிறது, விவாதிப்போம். அதில் ஆற்றுக் கரையை எங்கே நுழைப்பது?

நுழைக்க முடியவில்லை. "தாடான்" என்றாள், உரக்கவே சொன்னாள், அதற்குள் தூதர் அதைவிட உரக்க வேறொன்று சொன்னார். கையைத் தூக்கினாள். திரையில் அவள் உள்ளங்கை அழகாகத் தெரிந்தது. இடைவேளை வந்துவிட்டது.

இடைவேளையில் என்ன நடக்கும் என்று வீட்டில் டிவி பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. இணைப்பைத் துண்டிக்க மாட்டார்கள். ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கேட்டுக்கொண்டு அப்படியே இருப்பார்கள். இரண்டு நிமிஷம் முன்னால் 'தேசத்தை விற்றவர்' என்று கத்திய கட்சிக்காரர், மற்றவரை வங்காள வழக்கப்படி அண்ணன் என்று கூப்பிட்டு மெல்லக் கேட்டார், "தாதா, சுகர் இப்ப எப்படி இருக்கு?" அவர் வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பதைச் சொன்னார். தூதர் மீன் விலையைப் பற்றிக் கவலைப்பட்டார். நான் நறுக்கிய வெண்டைக்காயோடு அப்படியே நின்றுவிட்டேன். இவர்களுக்கு இப்படியும் பேச வருமா!

சிவப்பு டை பொருளாதார நிபுணர், மணிக் குரலை அடக்கிக்கொண்டு, இவளிடம் கேட்டார்: "தீதி, நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே, என்ன?"

ஒளிபரப்பு இல்லை, அவசரம் இல்லை, ஒருவர் மரியாதையாகக் கேட்கிறார். என் மனைவி தெளிவாகச் சொன்னாள். தீவு, கோடு, வெளியே விடப்பட்ட வீடுகள், கொல்கத்தாவில் கூட்டம்.

"அடடா, இது முக்கியமாச்சே" என்றார் அவர். உண்மையாகவே வருத்தப்பட்டார். நல்ல மனுஷன்.

நிகழ்ச்சி திரும்பத் தொடங்கியதும் அவர்தான் முதலில் பாய்ந்தார். "வரி வரி என்கிறோம்! நம் வாசலில் என்ன நடக்கிறது? சுந்தரவனத்தில் ஒரு தீவு. அரசு கரை கட்டப் போகிறது. மக்கள் என்ன சொல்கிறார்கள்? எங்களுக்கு இந்தக் கரையே வேண்டாம் என்கிறார்கள்! பொருளாதார ரீதியாகப் பார்த்தால்…"

மகள் என் கையைப் பிடித்தாள். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தேன். அறிக்கையில் ஒரு தசமப்புள்ளி தப்பாக இருந்தால் வருமே, அந்த முகம்.

"தப்பு!"

ஆறு கட்டமும் நின்றுவிட்டன.

"தப்பு. அவங்க கரை வேண்டாம்னு சொல்லவே இல்ல. கரை வேணும்னுதான் கேக்கறாங்க. தங்களை வெளியில விட்டுட்டுக் கட்டாதீங்கன்னு கேக்கறாங்க."

"தீதி, நான் சொல்ல வந்தது…"

"நீங்க சொல்ல வந்ததும் தப்பு. நீங்க இப்படிச் சொன்னா, ஜனங்களே வேண்டாம்னுட்டாங்கன்னு எழுதி ஃபைலை மூடிடுவாங்க."

"ஒரு நிமிடம், ஒரு நிமிடம்" என்றார் நெறியாளர்.

"தாடான்!" என்றாள். பஸ் நின்றது. டிராம் நின்றது. "கரை எந்த வழியா போகணும்னு கேக்கத்தான் கூட்டம் வைக்கறீங்க. அதைக் கொல்கத்தாவுல வைச்சா யாரு வருவா? படகுக்கு அவங்க விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும். நீங்க ஒரு நாள் போனா என்ன? ஆறு உங்களைத் தின்னுடாது. கூட்டத்தை அங்க வைங்க, அவங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல வைங்க."

விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை. 'பெரும்பாலும்' இல்லை. காற்புள்ளி இருந்ததா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்க மறந்துவிட்டேன். நாங்கள் கொடுத்த பயிற்சியில் ஒரு துளியும் அங்கே உதவவில்லை. இன்னொருவர் முடிக்கும்வரை காத்திருக்கத் தெரிந்தவளுக்கு, ஒரு தப்பு முடியும்வரை காத்திருக்கத் தெரியவில்லை.

லேப்டாப்பை மூடிவிட்டு, "ரொம்பக் கத்திட்டேனோ? அவரு பாவம், நல்லெண்ணத்துலதானே சொன்னாரு" என்றாள். மகள் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள்.

ஃபோன் அடித்தது. மூச்சிரைக்கும் பெண். "தீதி, அசத்திட்டீங்க! நாளைக்கும் வரணும். வட்டி விகிதம் பத்தி."

"வட்டி விகிதம் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"தெரியணும்னு அவசியமில்லை தீதி. இதே மாதிரி கத்தினா போதும்."

நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அந்தக் கட்டத்துக்கு அவள் மறுபடி போகவில்லை. சிவப்பு டைக்காரர் அன்று இரவே ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: விவாதம் பிரமாதம், தீவுக்கு ஒரு முறை என்னையும் கூட்டிப் போங்கள்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது புதிய அறிவிப்பு வந்தது. இடம் மாற்றம், ஊர்த் தொடக்கப்பள்ளி. காரணம் ஏதும் போடவில்லை. அவள் சத்தம்தான் காரணமா, கடிதங்களா, வேறு யாருடைய ஃபோனா, எங்களுக்குத் தெரியாது. அவளிடம் கேட்டால் ஆதாரம் போதாது என்பாள்.

நானும் போனேன். பள்ளிக்கூட வகுப்பறையில் குழந்தைகள் பெஞ்சு, முழங்கால் இடிக்கும். அந்தப் பெண்கள் நாங்கள் வருவதற்கு முன்பே வந்து முன்வரிசையை நிரப்பியிருந்தார்கள். அதிகாரி படகில் நனைந்த செருப்போடு வந்தார், களைத்த, கெட்டவரில்லாத முகம். மேஜைமேல் வரைபடத்தை விரித்து, காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் டீ கிளாஸ் வைத்தார். யார் பேசுகிறீர்கள் என்று கேட்டார்.

கேட்டதுதான் தாமதம், எல்லோரும் பேசினார்கள். என் பக்கத்தில் மனைவி எழுந்தாள். விஷயத்தை ஒழுங்குபடுத்திச் சொல்லலாம் என்று நினைத்திருப்பாள். முன்னால் இருந்த ஒருத்தி, பச்சைப் புடவைக்காரி, திரும்பிப் பார்த்தாள்.

"தீதி, நீ உக்காரு. கூட்டத்தைக் கொண்டுவந்து சேத்துட்டியே. இனிமே நாங்க பேசிக்கறோம்."

அவள் உட்கார்ந்தாள். சின்னப் பெஞ்சு, என் தோளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பச்சைப் புடவைக்காரி மேஜைக்குப் போய், வரைபடத்தில் கோட்டைத் தேடினாள். கண்டுபிடித்து, அதற்கு வெளியே, நீலத்துக்குப் பக்கத்தில், விரலை ஊன்றினாள்.

"இது என் வீடு. இதுக்குப் பக்கத்துல என் அக்கா வீடு. அதுக்கு அந்தப் பக்கம்…"

"இருங்க, இருங்க" என்றார் அதிகாரி, பேனாவைத் திறந்துகொண்டே. "மெதுவா சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்."